நாவில் கரையும் குளிசை: விரைவாகக் கரைவதும் விரைவாக வேலை செய்வதும்

தலவாக்கலைக்கு அருகே தோட்டமொன்றில் வசிக்கும் உங்கள் தாயாருக்குப் பாரிசவாதம் வந்த பின்னர் குளிசை விழுங்குவது பெரும் சிரமமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வாந்திக்காக வைத்தியர் கொடுத்த ஒரு குளிசை நாக்கில் வைத்த சில நொடிகளிலேயே கரைந்துபோனதைக் கண்டு, அது எப்படி அவ்வளவு விரைவாகக் கரைகிறது, அப்படிக் கரைவதால் விரைவாக வேலையும் செய்யுமா, அவருடைய மற்றக் குளிசைகளையும் அந்த வடிவில் வாங்க முடியுமா, முடியாவிட்டால் அவற்றை இடித்துத் தூளாக்கிக் கொடுப்பது அதற்குச் சமமாகாதா என்று நான்கு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். மலைநாட்டில் மருந்தாளராக வேலை செய்யும் எனக்கு இவை அடிக்கடி காதில் விழும் கேள்விகள்தான். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்தக் குளிசைகளைப் பற்றிய தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

நாக்கில் விரைவாகக் கரையும் குளிசை, பெரும்பாலான மருந்துகளைப் பொறுத்தவரை, சாதாரணக் குளிசையைவிட விரைவாக வேலை செய்வதில்லை. அது விழுங்குவதை எளிதாக்குவதற்காகவே உருவாக்கப்பட்டது. நாக்கில் கரைந்த மருந்து உமிழ்நீரோடு கலந்து தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்குகிறது. அங்கிருந்து சிறுகுடலுக்குச் சென்று, குடற்சுவரால் உறிஞ்சப்பட்டு, ஈரலைக் கடந்த பிறகே உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் சேருகிறது. சாதாரணக் குளிசையும் இதே வழியில்தான் செல்கிறது. அது வயிற்றுக்குள் உடைவதற்கு எடுக்கும் சில நிமிடங்களை மட்டுமே நாவில் கரையும் குளிசை மிச்சப்படுத்துகிறது; அதற்குப் பிறகு வயிறு காலியாகும் வேகமும் குடல் உறிஞ்சும் வேகமும் இரண்டுக்கும் பொதுவானவை. ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கப்படும் ரிஸட்ரிப்டன் இதற்கு நல்ல சான்று. அதன் சாதாரணக் குளிசையை விழுங்கினால் இரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்தை எட்டுவதற்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 மணித்தியாலம் ஆகிறது. நாவில் கரையும் வடிவத்திலோ 1.6 முதல் 2.5 மணித்தியாலம் வரை ஆகிறது. அதாவது வாயில் விரைவாகக் கரையும் வடிவமே இரத்தத்துக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேருகிறது. ஆயினும் குமட்டலோடு தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தண்ணீர் இல்லாமலே எடுக்கக்கூடியது என்பதால் அந்த வடிவத்துக்குத் தனிப் பெறுமதி உண்டு.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. அவை சிலவே என்றாலும் தெரிந்துகொள்ள வேண்டியவை. வாயின் உட்சுவரில் உள்ள மெல்லிய சவ்வின் ஊடாக உறிஞ்சப்படும் மருந்து குடலையும் ஈரலையும் கடக்காமல் நேரடியாகக் கழுத்து நாளங்கள் வழியே இரத்தத்தில் சேர்ந்துவிடும். பார்கின்சன் நோய்க்கான செலிஜிலின் என்ற மருந்தை விழுங்கினால் அதன் பெரும்பகுதியை ஈரல் முதற்சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. உறைய வைத்து உலர்த்திய, நாவில் கரையும் வடிவத்தில் அதனைக் கொடுக்கும்போது கணிசமான பகுதி வாயிலேயே உறிஞ்சப்படுவதால், 10 மில்லிகிராம் சாதாரணக் குளிசைக்கு 1.25 மில்லிகிராம் ஈடாகிறது. குழந்தைகள் படுக்கையில் சிறுநீர் கழிப்பதற்குக் கொடுக்கப்படும் டெஸ்மோபிரெசினிலும் இப்படியொரு வேறுபாடு உண்டு. 200 மைக்ரோகிராம் சாதாரணக் குளிசைக்குப் பதிலாக, கரையும் வடிவத்தில் 120 மைக்ரோகிராம் கொடுக்கப்படுகிறது. ஆகையால் ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாறும்போது “அதே மருந்துதானே, அதே மில்லிகிராம் போதும்” என்று வீட்டிலேயே முடிவுசெய்யக் கூடாது. பெரும்பாலான மருந்துகளில் அளவு மாறாது என்பது உண்மைதான். ஆனால் எந்த மருந்தில் மாறும் என்பதை அட்டையைப் பார்த்து ஊகிக்க முடியாது.

நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழே வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட் குளிசையையும் இவற்றையும் பலர் ஒன்றாக எண்ணுகிறார்கள். அது முற்றிலும் வேறானது. அதனை நாக்கின் அடியில் வைத்து, விழுங்காமல், அங்குள்ள சவ்வின் வழியாக உறிஞ்சப்பட விடவேண்டும்; விழுங்கினால் ஈரல் அதனைச் சிதைத்துவிடும், நெஞ்சு வலி நிற்காது. நாவில் கரையும் குளிசையோ நாக்கின் மேலே வைக்கப்படுவது, கரைந்த பின் விழுங்கப்படுவது. கிளிசரில் டிரைநைட்ரேட் தானாகவே ஆவியாகிப்போகும் இயல்புடையது. அதனால்தான் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் வருகிறது. அதனைக் காகிதக் கவரில் கொட்டி வைத்துக்கொண்டிருக்கும் முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். சில வாரங்களில் அந்தக் குளிசையில் மருந்து போதிய அளவில் எஞ்சியிராது. உயிர் காக்க வேண்டிய நேரத்தில் அது கைகொடுக்காது. உங்கள் வீட்டிலோ அயலிலோ யாராவது அப்படி வைத்திருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.

இனி, அது எப்படிக் கரைகிறது என்ற கேள்விக்கு வருவோம். உறையில்லாத சாதாரணக் குளிசை ஒன்று பரிசோதனைக் கருவியின் நீரில் 15 நிமிடங்களுக்குள் உடைந்தால் போதும் என்பது ஐரோப்பிய மருந்து நியமம். நாவில் கரையும் குளிசைக்கு அதே நியமம் 3 நிமிடங்களை மட்டுமே அனுமதிக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008 இல் வெளியிட்ட வழிகாட்டல் இன்னும் கண்டிப்பானது. ஏறத்தாழ 30 வினாடிகளுக்குள் உடைய வேண்டும் என்றும், குளிசையின் மொத்த நிறை 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் அது பரிந்துரைக்கிறது. வாயில் எந்த நேரத்திலும் இருக்கும் உமிழ்நீர் மிகச் சொற்பம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு அரை மில்லிலீற்றரும் சுரப்பதில்லை. அந்தச் சில துளி ஈரம் குளிசையின் நடுப்பகுதி வரை நொடிகளில் ஊடுருவ வேண்டுமானால், உள்ளே ஈரம் ஓடுவதற்கான நுண்ணிய துளைகள் எங்கும் இருக்க வேண்டும், உள்ளே வந்த ஈரத்தைப் பிடித்து இழுக்கும் பொருளும் இருக்க வேண்டும். தேநீரில் தோய்த்த கிரீம் கிரக்கர் பிஸ்கட் நொடியில் ஊறி உடைவதற்கும் இதுவே காரணம். டின்னை மூடாமல் வைத்தால் மழைக் காலத்தில் அதே பிஸ்கட் நமத்துப்போவதற்கும் இதுவே காரணம். பின்னே பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது இந்த இரட்டைத் தன்மைதான் முக்கியமாகப்போகிறது.

துளைகளை உண்டாக்குவதற்குப் பல வழிகள் உண்டு. மிகப் பழைய, இன்றும் மிக விரைவாகக் கரையும் குளிசைகளைத் தரும் முறை உறைய வைத்து உலர்த்துவது. மருந்தை ஜெலட்டினும் மனிட்டோல் என்ற இனிப்புப் பொருளும் கலந்த நீரில் சேர்த்து, அட்டையின் சிறு குழிகளுக்குள்ளேயே ஊற்றி, உறைய வைத்து, வெற்றிடத்தில் அந்தப் பனிக்கட்டியை நீராக்காமல் நேரடியாக ஆவியாக்கிவிடுகிறார்கள். பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் வெற்றுத் துளைகளாக எஞ்ச, காற்றைப் போல இலேசான, விரல் பட்டால் நொறுங்கும் வில்லை கிடைக்கிறது. ஸைடிஸ் என்ற பெயரில் 1980களில் வளர்த்தெடுக்கப்பட்ட இந்த முறையில் தயாரான லொராடடின் என்ற ஒவ்வாமை மருந்துக்கு 1996 டிசெம்பரில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அதன் பிறகே உலகச் சந்தையில் இந்த வடிவம் பரவலாக இடம்பிடித்தது. இந்த முறைக்குச் செலவு அதிகம். அதோடு, நீரில் கரையக்கூடிய மருந்தாயின் சுமார் 60 மில்லிகிராமுக்கு மேல் இதில் ஏற்ற முடியாது.

செலவு குறைந்த வழி, சாதாரணக் குளிசைகளை அழுத்தும் அதே இயந்திரத்தில், குறைந்த அழுத்தத்தில், மிகை உடைப்பிகள் எனத்தக்க சில பொருட்களைச் சேர்த்து அழுத்துவது. நமது பிராந்தியத்துச் சந்தையில் கிடைக்கும் மலிவான குளிசைகளில் பல இவ்வகையினவே. கிரொஸ்போவிடோன், குரொஸ்கார்மெலோஸ் சோடியம், சோடியம் ஸ்டார்ச் கிளைகொலேட் என்ற மூன்றும் இந்த வேலைக்குப் பெயர்போனவை. இவை ஒரே விதமாகச் செயற்படுவதில்லை என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விடயம். சோடியம் ஸ்டார்ச் கிளைகொலேட் ஈரம் பட்டதும் பல மடங்கு வீங்கி, சுற்றியுள்ள துணிக்கைகளைத் தள்ளிப் பிளக்கிறது. கிரொஸ்போவிடோன் அவ்வளவாக வீங்குவதில்லை. அது திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை உள்ளே இழுக்கிறது, அழுத்தத்தால் நசுங்கியிருந்த அதன் துணிக்கைகள் ஈரம் பட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்று குளிசையைக் குலைக்கின்றன. குரொஸ்கார்மெலோஸ் இரண்டையும் ஓரளவு செய்கிறது. அளவுக்கு மீறிச் சேர்த்தால் பலன் தலைகீழாகிவிடும். சோடியம் ஸ்டார்ச் கிளைகொலேட் அதிகமானால் குளிசையைச் சுற்றிப் பசைபோன்ற படலம் உருவாகி, ஈரம் உள்ளே செல்வதையே தடுத்துவிடுகிறது.

கற்பூரத்தைப் பயன்படுத்தும் முறையும் ஒன்று உண்டு. மருந்தோடு கற்பூரத் தூளைக் கலந்து குளிசையாக அழுத்திய பிறகு மெல்லச் சூடாக்கினால் கற்பூரம் ஆவியாகி வெளியேறிவிடும். அது இருந்த இடங்கள் துளைகளாக எஞ்சும். சர்க்கரைக் கலவையைச் சுழலும் இயந்திரத்தில் பஞ்சு மிட்டாய்போல இழைகளாக்கி, அந்த இழைகளில் மருந்தைச் சேர்த்து அழுத்தும் முறையும் வந்தது. அண்மைக் காலத்தில் எல்லாவற்றையும் தாண்டிய ஒன்று, வலிப்புக்கான லெவெட்டிரசெட்டம் மருந்தை முப்பரிமாண அச்சு இயந்திரத்தால், அழுத்தமே இல்லாமல், தூளை அடுக்கடுக்காகப் பரப்பித் திரவத்தால் பிணைத்து உருவாக்கியது. 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்தக் குளிசை 1000 மில்லிகிராம் வரை மருந்தைத் தாங்கிக்கொண்டு, ஒரு மிடறு நீரில் கரைந்துவிடுகிறது.

சுவை ஒரு பெரிய சிக்கல். விழுங்கும் குளிசையில் கசப்பு நாக்கைத் தொடுவதற்கு முன்பே கடந்துபோய்விடும். இங்கே கசப்பு முழுவதும் நாக்கின் மேல் விரிகிறது. ஆகவே மருந்துத் துணிக்கைகளை, உமிழ்நீரில் கரையாமல் வயிற்று அமிலத்தில் மட்டும் கரையும் பூச்சால் மூடுகிறார்கள், அல்லது பிசின் துணிக்கைகளோடு பிணைக்கிறார்கள். இனிப்புக்குப் பெரும்பாலும் மனிட்டோல்; அது கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால்தான் நாக்கில் குளிர்ச்சி தெரிகிறது. சீனி வருத்தம் உள்ளவர்கள் இனிப்பைக் கண்டு பயப்படுவதுண்டு. ஒரு குளிசையில் இருக்கும் மனிட்டோல் இரத்தச் சீனியைக் கூட்டும் அளவினதல்ல. பினைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்புச் சேர்ந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் மரக்கறி மட்டும் உண்பவர்களும் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று: உறைய வைத்து உலர்த்திய வகைகளில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கப்படுவது. அழுத்தித் தயாரித்தவற்றில் வழக்கமாக ஜெலட்டின் தேவைப்படுவதில்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சப்பட எதுவுமில்லை.

இந்த வடிவத்தால் உண்மையான நன்மை பெறுபவர்கள் யார் என்றால், முதலில் நினைவுக்கு வருவது வாந்தியால் துவண்டவர்கள். உங்கள் தாயாருக்குக் கொடுக்கப்பட்டது ஒண்டான்செட்ரோன் என்று நினைக்கிறேன். வயிற்றோட்டமும் வாந்தியும் கண்ட 215 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வொன்றில், நாவில் கரையும் ஒண்டான்செட்ரோன் ஒருமுறை கொடுக்கப்பட்டவர்களில் 14 வீதத்தினரே வாய்வழி நீரூட்டலின்போது மீண்டும் வாந்தியெடுத்தனர்; மருந்தில்லாத வெற்றுக் குளிசை பெற்றவர்களில் அது 35 வீதம். இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லியாக வேண்டும். கினிகத்தேனை வளைவுகளிலும் றம்பொடைப் பாதையிலும் பஸ்ஸில் போகும்போது வரும் வாந்திக்கு இதே குளிசையைக் கேட்டு வாங்க வருகிறார்கள். பயண வாந்திக்கு ஒண்டான்செட்ரோன் நன்றாக வேலை செய்வதில்லை. அந்த வாந்தி உட்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் வேறொரு வழியால் வருவது. அதற்கு சினரிசின் போன்ற, நித்திரைத் தன்மையுள்ள ஒவ்வாமை மருந்து வகைகளே பொருத்தமானவை.

மனநோய்க்கு மருந்தெடுப்பவர்களுக்கும் இந்த வடிவம் பெரிதும் உதவுகிறது. குளிசையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பின்னர் துப்பிவிடும் நோயாளிக்கு, நாக்கில் பட்டதும் கரைந்துவிடும் ஒலன்சபைன் கொடுத்தால் பராமரிப்பவருக்கும் நோயாளிக்கும் இடையே நடக்கும் தினசரிப் போராட்டம் குறைகிறது. காலையிலேயே மலைக்கு ஏறி, கொழுந்துக் கூடையோடு பகல் முழுவதும் நிற்கும் பெண்களையும் நான் இந்த வரிசையில் சேர்ப்பேன். நடு மலையில் குடிக்கத் தகுந்த தண்ணீர் கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பகல் வேளைக் குளிசையைத் தவறவிடுகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அப்படித் தவறவிடப்படும் மருந்துக்குக் கரையும் வடிவம் கிடைக்குமானால், வைத்தியரிடம் அதைப் பற்றிக் கேட்பது நியாயமானதே.

ஒருவருக்கு வாய் வறண்டிருந்தால் இந்தக் குளிசை தன் பெயருக்கேற்பக் கரையாது. முதுமையிலும், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளை எடுப்பவர்களிலும் உமிழ்நீர் குறைந்துவிடும். குளிசை நாக்கில் ஒட்டிக்கொண்டு மாவாகவே கிடக்கும். அப்படியானவர்களுக்கு முதலில் ஒரு கரண்டி நீரால் வாயை நனைத்துவிட்டுக் கொடுக்கலாம். அதுகூட விழுங்கும் ஆற்றல் நன்றாக இருப்பவர்களுக்கு மட்டுமே.

இந்த இடத்தில் உங்கள் தாயாரைப் பற்றி நான் வெளிப்படையாக எழுத வேண்டும். நாவில் கரைகிற குளிசை “விழுங்க வேண்டாத குளிசை” அன்று. கரைந்த பிறகு அது உமிழ்நீரோடு கலந்த மெல்லிய திரவம். பாரிசவாதத்துக்குப் பின் தொண்டைத் தசைகள் ஒத்திசையாமல் போனவர்களுக்குக் கெட்டியான உணவைவிட மெல்லிய திரவமே மூச்சுக் குழாய்க்குள் எளிதில் இறங்கிவிடும். சிலருக்கு அப்படி இறங்கும்போது இருமல்கூட வராது. நாட்கள் கழித்துக் காய்ச்சலும் சளியுமாக நியூமோனியா வந்த பின்பே தெரியவரும். ஆகவே எந்த வடிவக் குளிசை என்று யோசிப்பதற்கு முன், அவருக்கு விழுங்கும் ஆற்றல் முறையாகப் பரிசோதிக்கப்பட்டதா என்பதைக் கேளுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். தண்ணீர் குடித்ததும் இருமுவது, குடித்த பின் குரல் ஈரம் கட்டியதுபோல மாறுவது, உணவு வாயின் ஒரு பக்கத்தில் தேங்கி நிற்பது, உமிழ்நீர் கடைவாயில் வழிவது ஆகியவற்றில் ஒன்றையேனும் நீங்கள் கண்டிருந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அவருடைய எல்லாக் குளிசைகளையும் இந்த வடிவில் பெற முடியாது. அமெரிக்க வழிகாட்டல் சொல்லும் 500 மில்லிகிராம் எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தத்துக்கான மெட்போமின் குளிசையில் மருந்து மட்டுமே 500 மில்லிகிராம். அதன் கசப்பை மறைக்கும் பூச்சும், உடைப்பிகளும், இனிப்பும் சேர்ந்தால் வாயை அடைக்கும் அளவு பெரிதாகிவிடும். ஆகவே, முன்னர் சொன்ன அச்சு இயந்திரக் குளிசை போன்ற விதிவிலக்கைத் தவிர்த்தால், சிறிய அளவில் வேலை செய்யும், கசப்பை மறைக்க முடிந்த மருந்துகளே இந்த வடிவத்துக்கு ஏற்றவை. மேலும், வெளிநாட்டில் ஒரு மருந்து இந்த வடிவில் விற்கப்படுவதால் இங்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான பொருட்களே இந்நாட்டில் முறைப்படி விற்பனைக்கு வரும். உறவினர் யாராவது இந்தியாவிலிருந்தோ மத்திய கிழக்கிலிருந்தோ கொண்டுவந்து தரும் அட்டைகளை மருந்தாளர் ஒருவரிடம் காட்டாமல் பயன்படுத்தாதீர்கள்.

கரையும் குளிசை கிடைக்காத மருந்துகளுக்கு வேறு வழிகள் உண்டு. சிலவற்றுக்குப் பாணி மருந்து இருக்கிறது. சில குளிசைகள் ஒரு கரண்டி நீரில் போட்டுக் கலக்கிக் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. வயிற்றோட்டத்தின்போது குழந்தைகளுக்குக் கொடுக்கும் துத்தநாக (சிங்க்) குளிசை அவ்வகையினது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004 இல் அதனை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு 10 மில்லிகிராம் வீதம், 10 முதல் 14 நாட்களுக்குப் பரிந்துரைத்தன. பாரிசவாதத்துக்குப் பின் பலருக்கும் எழுதப்படும் 75 மில்லிகிராம் அஸ்பிரினிலும் நீரில் கலக்கும் வகை உண்டு, குடலில் மட்டும் கரையும் உறை போட்ட வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் சிறிய குளிசைகளே. உங்கள் கையில் இருப்பது எது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஏனெனில் நான்காவது கேள்வியின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இடித்துத் தூளாக்குவது நாவில் கரையும் குளிசைக்குச் சமமாகாது, சில மருந்துகளில் அது பெரும் தீங்கு. குடலில் கரைவதற்காக உறையிட்ட குளிசையை இடித்தால் அந்த உறை பயனற்றுப்போகிறது. மருந்து வயிற்றைப் புண்ணாக்கலாம், அல்லது வயிற்று அமிலத்தில் அழிந்துபோகலாம். நாள் முழுவதும் மெதுவாக வெளியேறும்படி செய்யப்பட்ட நிபெடிபின் போன்ற பிரஷர் குளிசையை இடித்தால், ஒரு நாளுக்குரிய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் வெளியாகி இரத்த அழுத்தம் திடீரென்று விழும். ஏற்கெனவே பாரிசவாதம் கண்ட மூளைக்கு அந்த வீழ்ச்சி மற்றொரு அடியாகலாம். மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் மெதொட்ரெக்சேட் போன்றவற்றை இடித்தால் பறக்கும் தூள் இடிப்பவருக்கே கேடு. நாவில் கரையும் குளிசையிலும் இந்தக் கவனம் தேவை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் லன்சோபிரசோலின் கரையும் வடிவத்துக்குள் உறை போட்ட நுண்மணிகள் இருக்கின்றன. வில்லை கரைந்தாலும் மணிகள் கரையாமல் விழுங்கப்பட வேண்டும், பல்லால் அரைக்கக் கூடாது. இடித்துக் கொடுக்கக்கூடிய குளிசைகளும் பல இருக்கின்றன என்பதை மறைக்கவில்லை. ஆனால் எதை இடிக்கலாம் என்பது ஒவ்வொரு குளிசையாகப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

பாதுகாப்பைப் பற்றி நமது பகுதிக்கெனச் சிலவற்றைச் சொல்லாமல் விட முடியாது. மருந்துப் பெட்டிகளில் “30 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்கவும்” என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, நுவரெலியாவின் குளிரில் மருந்துகள் நன்றாக இருக்கும் என்று பலர் ஆறுதலடைகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் வெப்பம் உண்மையிலேயே சிக்கலில்லை. சிக்கல் ஈரப்பதம். மலைகளின் மேற்குச் சரிவில், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாட்களில் சுவரும் துணியும் உலர்வதேயில்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கங்களில் அந்த மாதங்கள் வறண்டிருந்தாலும் வடகீழ்ப் பருவக்காற்றோடு ஈரம் வந்துவிடும். துளைகளால் ஆன, ஈரத்தை இழுப்பதற்கென்றே செய்யப்பட்ட குளிசையை அந்தக் காற்றில் திறந்து வைத்தால் அது மென்மையாகி, நிறம் மாறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்பு நாக்கில் வைத்தாலும் சரியாகக் கரையாது.

ஆகவே அதனை எடுக்கும் நிமிடம் வரை அலுமினிய அட்டையிலேயே வைத்திருங்கள். ஒரு வாரத்துக்குரியதைப் பிதுக்கி எடுத்துச் சிறு டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கம் மற்றக் குளிசைகளில் பலவற்றுக்குச் சரிவரலாம், இதற்குச் சரிவராது. வைத்தியசாலையிலோ மருந்தகத்திலோ அட்டையைக் கத்தரித்துத் தரும்போது கத்தரிக்கோல் குழியின் விளிம்பைத் தொட்டிருந்தால், ஈரம் அந்த வழியால் உள்ளே போய்விடும். மாற்றித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். லயத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் மருந்து வைப்பதுண்டு. நெருப்பின் சூடும் சோற்றுப் பானையின் ஆவியும் அங்கேதான் மிக அதிகம். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். வெளியே எடுத்தவுடன் அட்டையின் மேல் நீர் படியும், ஈரக் கையால் திறக்க நேரிடும். படுக்கையறையில், நிலத்தையும் வெளிச் சுவரையும் தொடாத ஓரிடத்தில், இறுக்கமான மூடியுள்ள டின்னுக்குள் அட்டையோடு வைப்பதே போதுமானது. மலைக்கு எடுத்துச் செல்பவர்கள் ஒரு வேளைக்குரிய குழியை மட்டும், சுற்றிலும் அட்டை எஞ்சும்படி வெட்டி, பொலித்தீன் பையில் சுற்றிக்கொள்ளலாம்.

கொடுக்கும் முறையும் எளிதே. கையை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். உறைய வைத்து உலர்த்திய வகையாயின் குளிசையை அட்டையின் வழியாகப் பிதுக்காதீர்கள், நொறுங்கிவிடும். பின்புறத் தகட்டை உரித்து, குளிசையை மெல்ல எடுத்து உடனே நாக்கின் மேல் வையுங்கள். தாயாரை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தின் ஒரு பக்கம் பலவீனமாயிருந்தால் நாக்கின் பலமான பக்கத்தில் வைத்து, கரைந்து விழுங்கி முடிந்ததா என்பதை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். முடிந்த பிறகும் சிறிது நேரம் படுக்க விடாதீர்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியை மட்டும் கொண்டுபோகாமல், வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். வைத்தியரிடமும் மருந்தாளரிடமும் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, இதை இடிக்கலாமா, இதற்குப் பாணியோ நீரில் கலக்கும் குளிசையோ உண்டா, இது இனியும் தேவையா என்று கேட்டு, பதிலைக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். முதியவர்களின் பட்டியலில் நிறுத்தக்கூடிய குளிசை ஒன்றிரண்டு அனேகமாக இருக்கும்.